தேரிக்காட்டுக்குப் போன காற்று

மத்தியானமானதும் கடற்காற்றை ஊருக்குள் விடாமல் தேரிக்காட்டுச் செம்மணலில் இருக்கும் திராட்சைத் தோட்டத்துக்குத் திருப்பிவிடுவதுதான் வெரோனிக்காவின் வேலை. வீட்டிலோ, பாட்டிலில் லேபிள் ஒட்டுவதாகச் சொல்லி வைத்திருந்தாள்.

இந்த வருடம் அந்தத் தோட்டத்து ஒயினுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. வெயில் கொளுத்தும் கரையில் இப்படியொரு குளிர்ச்சியான ருசியா என்று நடுவர்கள் அசந்துபோனார்களாம். பிள்ளை பெற்ற உடம்புக்கு ஒயின் நல்லது என்று, அதில் ஒரு பாட்டிலை அட்டைப்பெட்டியோடு எடுத்துக்கொண்டு அக்கா பிரகாசியைப் பார்க்கப் போனாள்.

அக்கா வீட்டு வாசலுக்கு எதிரேதான் கடல். ஆனாலும் கொடியில் கிடந்த பிள்ளைத் துணி ஒன்றுகூட அசையவில்லை. கரண்டு வேறு போயிருந்தது. தொட்டிலில் கிடந்த குழந்தைக்குக் கழுத்தெல்லாம் வேர்க்குரு.

"பவுடர் போட்டியாக்கா?" என்றாள். வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை.

"போடத்தான் செய்யுதேன். கடலுக்கு என்ன கேடு வந்திச்சோ, காத்தே இல்லட்டி. காத்து திரும்ப வரணும்னு மாதாவுக்கு மெழுகுதிரி நேந்திருக்கேன்."

வெரோனிக்காவின் முகத்தில் வேர்வை வழிந்தது.

அதைப் பார்த்த அக்கா, தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்த கையை எடுத்துவிட்டு, பாட்டில் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து அவளுக்கு விசிற ஆரம்பித்தாள்.

"எப்பவோ ஒருக்க வார. ஒனக்கு இந்த வேக்காடு பழக்கமிருக்காது. சும்மா இரு."

அட்டையில் அச்சடித்திருந்த தங்கப் பதக்கம் வெரோனிக்காவின் மூக்குக்கு நேரே போய்ப் போய் வந்தது. போதுமென்று சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் காற்று சுகமாக இருந்தது.