ஆறு ஓடாத நிலம்

"அந்தப் பாழாப்போன படத்த மொதல்ல அடுப்புல போடு" என்றார் ராஜாங்கம். மனைவி மலர்கொடி சட்டத்தைக் கழற்றி, உள்ளேயிருந்த காகிதத்தை நாலாக மடித்து அடுப்பில் செருகினாள்.

வெள்ளைக்காரன் காலத்து மேப் அது. மரக்காணம் உப்பளங்களுக்கு நடுவே நீலக் கோடாக ஓர் ஆறு வளைந்து வந்து, சரியாக ராஜாங்கத்தின் நிலத்துக்குள் புகுந்து கடலுக்குப் போனது. இப்போது தூர்ந்துபோய் வெறும் முள்காடுதான். ஆனாலும் மழைக்காலத்தில் தண்ணீர் பழைய வழியை மறக்காமல் வந்து, உப்புப் பாத்திகளைக் கரைத்துவிட்டுப் போகும்.

பெருமைக்காகச் சுவரில் மாட்டியிருந்தார். மனை போட வந்த இரண்டு பேர் அதைப் பார்த்துவிட்டு, கொடுத்த காபியைக்கூடக் குடிக்காமல் ஓடினார்கள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதைதான். நிலம் விற்றால்தான் மகள் இலக்கியா நர்சிங் சேர முடியும். அட்மிஷன் இந்த வாரத்தோடு முடிகிறது.

நிலம் பார்க்கக் காரில் வந்து இறங்கிய தட்சணாமூர்த்தி ரோட்டைப் பார்க்கவில்லை, பட்டாவையும் கேட்கவில்லை. ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார். கரித்திருக்கும், ஆனால் மனிதர் முகம் சுளிக்கவில்லை. பிறகு, இந்த இடத்தில் முன்பு ஆறு ஏதாவது ஓடியதா என்று மெதுவாகக் கேட்டார்.

ராஜாங்கத்துக்குப் புரிந்துவிட்டது. எவனோ போட்டுக்கொடுத்துவிட்டான். ஆறாவது, மண்ணாவது என்று சிரித்து மழுப்பினார். அவரோ விடவில்லை, நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்று மறுபடியும் கேட்டார்.

இதற்கு ஒரே மருந்துதான் இருக்கிறது என்று ராஜாங்கம் அவரைக் கையோடு கீழ்புத்துப்பட்டு ஐயனார் கோயிலுக்கு அழைத்துப் போனார். தரையில் கற்பூரத்தை ஏற்றி, எரியும்போதே உள்ளங்கையால் அடித்து அணைத்தார். பொய்ச் சத்தியம்தான். மகளை நினைத்துக்கொண்டார்.

"ஐயனார் சத்தியமா சொல்றேங்க. என் நிலத்துல ஆறு ஓடினதே இல்ல."

தட்சணாமூர்த்தி பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார். வெளியே வந்து காரில் ஏறி உட்கார்ந்தவர், கண்ணாடியை இறக்கினார்.

"சாமி முன்னால சொல்லிட்டீங்க, நம்புறேங்க. பழைய ஆறு இருந்தா தோண்டி, கடல் தண்ணியக் கொண்டுவந்து எறால் பண்ண போடலாம்னுதான் வந்தேன்."