கோட்டைச் சன்னலோரம் ஓர் எலி

பழவேற்காட்டுக் கோட்டையில், சன்னலோர வெளிச்சத்தில், ஒல்லாந்து வைத்தியர் செத்த எலியொன்றின் வயிற்றைக் கத்தியால் திறக்கிறார். ஈரலில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். பூதக்கண்ணாடி வழியே அவற்றைப் பார்த்துப் பார்த்துத் தாளில் வரைகிறார். எலியைக் கொண்டுவந்த எல்லம்மாள், ஏரியில் நண்டு பிடிக்கிறவள், வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. எந்தப் பொறியில் அகப்பட்டது என்று துபாஷி மாசிலாமணி மூலம் வைத்தியர் கேட்கிறார். “பொறி இன்னாத்துக்குங்கய்யா? தெரு பூரா தானா செத்துக் கெடக்குது. கொள்ளநோய் வரப்போவுதுனு நாங்கல்லாம் இன்னிக்கே படகேறி அக்கரைக்குப் போறோம்” என்கிறாள். மாசிலாமணி அதை மொழிபெயர்க்கிறான். வைத்தியர் தலை நிமிராமல், இன்னும் பத்து எலி வேண்டும் என்கிறார். மாசிலாமணி அதை அவளிடம் சொல்லவில்லை. “ஏம்மா, எம் பொஞ்சாதிக்கும் கொழந்தைக்கும் படகுல எடம் இருக்குமா?” என்று கேட்கிறான்.