இருபத்தைந்து சுற்று

“இருபத்தி மூணு... இருபத்தி நாலு... இருபத்தஞ்சு. போதும். இருபத்தி ஆறாவது சுத்து சுத்துறவன் மனுஷனே இல்லை.”

வந்தவனை உட்காரக்கூடச் சொல்லாமல், அப்பா தன் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து முடித்தார். தினமும் காலை ஆறு மணிக்கு நடக்கிற கூத்து இது. இன்று விருந்தாளி கண்ணில் பட வேண்டும் என்பதற்காகவே பத்து மணி வரை தள்ளி வைத்திருந்தார். மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வந்தவன் கடிகாரம் பழுது பார்க்கிறவன். அவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அவள் சொல்லி நாலு மாதம் ஆகிறது. “ஆளைப் பார்த்துட்டுச் சொல்றேன்” என்று இழுத்தடித்தவர் இன்றுதான் பார்க்கிறார், அதுவும் ஓட்டை உடைசல் வாங்க வந்தவர் பார்க்கிற மாதிரி.

“பேட்டரி மாத்துற வேலைதானே உனக்கு?”

“எல்லா வாட்சும் பார்ப்பேன், சார்.”

“கையில என்ன கட்டியிருக்கே? பேட்டரி வாட்ச்! சாவி கொடுக்கச் சோம்பேறித்தனம். வாட்சுக்கு ஒரு நிமிஷம் ஒதுக்க முடியாதவன் பொண்டாட்டிக்கு என்னத்த ஒதுக்குவான்?”

முப்பது வருஷத்தில் அம்மாவுக்கு இவர் எத்தனை நிமிஷம் ஒதுக்கினார் என்று கேட்க மகளுக்கு நாக்கு துறுதுறுத்தது. கல்யாணக் காரியமாயிற்றே என்று அடக்கிக்கொண்டாள்.

“ஹேர் ஸ்பிரிங்ல எண்ணெய் பட்டா என்ன ஆகும்?” பரீட்சை ஆரம்பமாகிவிட்டது.

“சுருள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், சார். வாட்ச் தலைதெறிக்க ஓடும்.”

“ம்... எங்கேயோ மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கே.” சரியாகச் சொன்னதும் அவன் குற்றமாகிவிட்டது. “என் வாட்சைப் பாரு. முன்னாடி வாரத்துக்கு ரெண்டு நிமிஷம் பின்னாடி போகும். திருகினா கரகரன்னு இருக்கும். இப்ப மூணு வருஷமா ஒரு நொடி பிசகலை. சாவி வெண்ணெய் மாதிரி சுத்துது. எதனால? என் கைப்பழக்கம்! இந்தா, மூடியைத் திற. உள்ளே சக்கரத்தைத் தாங்குற சிவப்புக் கல்லு எத்தனைன்னு எண்ணிச் சொல்லு. அப்புறம் பேசலாம் கல்யாணத்தைப் பத்தி.”

டீ கொண்டுவந்த அம்மாவின் தட்டில் கோப்பைகள் கலகலத்தன.

“இப்ப எதுக்குங்க அதைத் திறந்துக்கிட்டு? உள்ளே தூசி போயிடும். டீ வேற ஆறுது.”

“நீ சும்மா இரு. மூணு வருஷத்துக்கு முன்னாடி நான் ஆபரேஷனுக்குப் பத்து நாள் ஆஸ்பத்திரியில கிடந்தப்ப நீ சாவி கொடுத்தே பாரு, அதோட இந்த வாட்சுக்கும் உனக்கும் உள்ள சம்பந்தம் முடிஞ்சுது.”

அவன் பையிலிருந்து கருவியை எடுத்து மூடியைத் திறந்தான். அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். உள்ளே திறந்து கிடப்பதைப் பார்த்தால் தன் வயிற்றையே கிழித்த மாதிரி இருக்குமாம். ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிற மனுஷனின் தைரியம் அவ்வளவுதான்.

அவன் கண்ணாடி வில்லையைக் கண்ணில் வைத்துக் குனிந்தான். குனிந்தவன் நிமிர வெகுநேரம் ஆனது. நிமிர்ந்து அம்மாவை ஒரு தரம் பார்த்தான். பிறகு மூடியைப் பழையபடி அழுத்தி மூடிவிட்டான்.

“எத்தனை கல்லு?”

“பதினேழுன்னு சொல்லிக்கிறாங்க, இந்த மாடலுக்கு.”

“எண்ணிப் பார்த்தியா இல்லையா?”

“நான் கை வைக்கிற மாதிரி இதுல எதுவும் இல்லை, சார். இந்த வாட்சுக்கு இப்படிச் சாவி கொடுக்கிற ஆளை நான் பார்த்ததே இல்லை.”

அப்பாவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. “பரவாயில்லை. வேலை தெரியாட்டியும் தன் அளவு தெரிஞ்ச பையன். சரி, கட்டிக்கிட்டுப் போ.”

மகளுக்குச் சந்தோஷம் வரவில்லை, அருவருப்புதான் வந்தது. ‘வாட்ச் விஷயத்துல மட்டும் எவனுக்காகவும் பொய் சொல்ல மாட்டேன்’ என்று நேற்றுக்கூட மார்தட்டியவன். இந்த மனிதர் முன்னால் ஒரு கல்லைக்கூட எண்ணாமல் இப்படிக் குழைந்துவிட்டானே! இவனைக் கட்டிக்கொண்டு காலம் முழுக்க அப்பாவுக்கு இன்னொரு ஜால்ரா சத்தம் கேட்க வேண்டுமா?

வாசல் கேட்டருகே அவனை நிறுத்தினாள். “காக்கா பிடிச்சுத்தான் என்னைக் கட்டிக்கணும்னா, வேண்டாம். எனக்கு முதுகெலும்பு இருக்கிறவன்தான் வேணும்.”

அவன் அவளுக்குப் பின்னால் பார்த்தான். அம்மா மூச்சு வாங்க ஓடி வந்துகொண்டிருந்தாள். அவன் மேஜையில் மறந்துவிட்டு வந்த கண்ணாடி வில்லை அவள் கையில் இருந்தது.

அதை அவனிடம் கொடுத்துவிட்டு, வீட்டுக் கதவை ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

“மாப்பிள்ளை, அவர் வாட்சுல உள்ள அந்தப் பேட்டரி இன்னும் எத்தனை மாசத்துக்கு வரும்?”