கூப்பிடுபவர்: ஒருவர்

கடைசிக் கோப்பின் தலையில் அவள் பெயர் இருந்தது.

எழுதியவர்: சிந்துஜா.

அவன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தான்.

நான்கு மாதமாக இதுதான் வேலை. நிறுவனத்தின் பழைய இணையச் சேவைகள் நூற்றுப் பதினேழு. ஒவ்வொன்றுக்கும் ஒரு விவரக் கோப்பு. என்ன கேட்கலாம், என்ன பதில் வரும். அவ்வளவுதான் அதில் இருக்கும். உள்ளே என்ன நடக்கிறது என்று இருக்காது. கேட்பவருக்கு அது தெரிய வேண்டியதில்லை.

ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு விவரிப்பு மொழியில் எழுதியிருந்தார்கள். சிலது பக்கம் பக்கமாக நீளும். எல்லாவற்றையும் ஒரே புதிய மொழிக்கு மாற்ற வேண்டும். ஒரு மாதமாக யாரும் கூப்பிடாத, அதாவது ஒரு கேள்விகூட வராத சேவை என்றால் அழித்துவிடலாம்.

அவளுடையது மிகச் சிறியது.

கேள்வி: கிளம்பியாச்சா?

பதில்: ஆம் அல்லது இல்லை. கட்டாயம்.

பதில் எங்கிருந்து வருகிறது என்று நிரலைத் திறந்து பார்த்தான். அலுவலக வாசலில் அடையாள அட்டை தேய்க்கும் இயந்திரத்திலிருந்து. ஒரே ஓர் ஊழியர் எண்.

அவனுடையது.

அவள் இதே அலுவலகத்திலிருந்து நான்கு மணிக்கே வேலை முடிந்து வீட்டுக்குப் போய்விடுவாள். அவன் வீட்டுக்குள் நுழையும்போது தோசை கல்லில் இருக்கும். எத்தனை மணிக்குப் போனாலும். எப்படி என்று கேட்டால் சிரிப்பாள்.

அவள் இறந்து எட்டு மாதம்.

பக்கத்து இருக்கையிலிருந்து இளமாறன் எட்டிப் பார்த்தான்.

"என்ன பாஸ், கடைசி ஒண்ணுல போய் உக்காந்துட்டீங்க. கூப்பிட ஆளே இல்லன்னா தூக்கிப் போட்டுட்டு வாங்க. டீ ஆறுது."

அந்தச் சேவைக்கு வந்த கேள்விகளின் பதிவேட்டை அவன் திறந்தான்.

நேற்று மாலை ஆறு மணி. இல்லை.

ஆறு பத்து. இல்லை.

ஆறு இருபது. இல்லை.

எட்டு நாற்பதுக்கு ஆம். அதற்குப் பிறகு கேள்வி இல்லை.

முந்தின நாள் ஒன்பதரை வரை கேட்டிருந்தது. அதற்கும் முந்தின நாள் பத்து வரை. கீழே தள்ளிக்கொண்டே போனான். எட்டு மாதத்தில் ஒரு வேலை நாள்கூட விடுபடவில்லை.

கூப்பிடுபவர்: ஒருவர். அவள் கைபேசி. ஆறு மணியிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு முறை, தானாகவே.

அது வீட்டு அலமாரியில் இருக்கிறது. தினமும் காலையில் தன்னுடையதோடு அதற்கும் சார்ஜ் போடுகிறான். ஏன் என்று யோசித்ததில்லை.

புதிய மொழியில் எழுதத் தொடங்கினான். கேள்வி அதில் அடங்கியது. பதிலும் அடங்கியது. கட்டாயம் என்று குறிக்க அதில் வழி இல்லை. பதில் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை.



பிறகு கோப்பின் தலையில், அவள் பெயருக்குக் கீழே, குறிப்பாக எழுதினான். பதில் கட்டாயம்.

"என்ன, தூக்கிட்டீங்களா?" என்றான் இளமாறன்.

"இல்ல. ஆள் இருக்காங்க."

பையை எடுத்துக்கொண்டான். டீ மேசையிலேயே இருந்தது.

வாசலில் மணி ஆறு எட்டு. ஆறு மணிக் கேள்விக்கு இல்லை என்று போயிருக்கும்.

அடுத்ததற்கு இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது.

அட்டையைத் தேய்த்தான்.