விற்ற படகு

சந்தியாகு தன் பைபர் படகைக் கஸ்பாருக்கு விற்றபோது அது வெளிறிக் கிடந்தது. தொட்டால் உள்ளங்கையில் சுண்ணாம்புபோல மாவு ஒட்டும். பத்து வருடம் அதை வெயிலிலேயே போட்டு வைத்தவன் அவன்தான். விற்ற அன்று, தொல்லை விட்டது என்றுகூட நினைத்தான்.

கஸ்பார் அதைக் கரையில் கவிழ்த்து, தண்ணீர் ஊற்றி ஊற்றி உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தான். சந்தியாகு தினமும் அந்தப் பக்கம் போக ஏதாவது காரணம் கண்டுபிடித்தான்.

“இந்தப் பளபளப்பு ஒரு மழைக்குத் தாங்காது, பாத்துக்க.”

கஸ்பார் சிரித்துக்கொண்டே மெழுகு பூசினான்.

ஆறாம் நாள் படகின் நீல நிறம் வெளியே வந்தது. வாங்கி வந்த புதிதில்கூட அது இப்படி இருந்ததாகச் சந்தியாகுவுக்கு நினைவில்லை. அவன் மனைவி அமலி மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டுப் படகைத் தடவினாள்.

“நம்ம போட்டா இது? மூஞ்சி தெரியுது பாருங்க!”

“நம்ம போட்டு இல்ல. வா போவோம்.”

அவள் கையை எடுக்கவில்லை. அவனுக்கு நெஞ்செல்லாம் எரிந்தது.

ஞாயிறு பூசை முடிந்ததும் படகை இறக்க ஆட்கள் கூடினார்கள். “அண்ணே, நீங்களும் ஒரு கை புடிங்க” என்று கஸ்பார் கூப்பிட்டான். சந்தியாகு பக்கவாட்டில் நின்று தள்ளினான். தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கரைக்குத் திரும்பினார்கள். கஸ்பார் படகில் ஏறி இஞ்சின் கயிற்றைக் கையில் எடுத்தான்.

“போதும்ண்ணே. கைய விடுங்க.”

அடுத்த அலை சந்தியாகுவின் கழுத்துவரை வந்தது. அவன் படகின் விளிம்பை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.