முழங்கால் அளவு தண்ணீர்

"இன்னும் முழங்கால் அளவு ஓடுது சார். இப்ப கடக்க வேண்டாம்" என்றாள் அவள் தொலைபேசியில்.

"அப்படியா? சரிம்மா, பொறுத்துக்கறேன். வெள்ளிக்கிழமை கூப்பிடறேன்" என்றார் லிஃப்ட்காரர்.

ரிசீவரை வைத்துவிட்டு, அதன் மேலேயே கையை வைத்தபடி நின்றாள்.

அன்று காலைதான் ஓடைக்கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். தண்ணீர் கணுக்கால் அளவுகூட இல்லை. இரண்டு வாரமாகவே இல்லை. இரண்டு வாரமாக இதே பொய்யைத்தான் அவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மலையடிவாரத்து வானிலை நிலையத்தில் அவள் ஒருத்திதான். பனி, காற்று, ஓடைத் தண்ணீர் எல்லாவற்றையும் அளந்து ஞாயிறு தவிர தினமும் தலைமை அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். அவர்களுக்கு எண் மட்டும் போதும். கடைசி எண்ணைச் சொல்லி வாய் மூடுவதற்குள் போனை வைத்துவிடுவார்கள்.

மலை ஏறுகிறவர்கள் கேட்டாலும் சொல்ல வேண்டும். ஆனால் அது அதிகம் பேர் தேடி வருகிற மலையில்லை.

லிஃப்ட்காரர் குளிர்காலத்தில் முதல்முறை கூப்பிட்டார். ஊருக்குள் லிஃப்ட் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். "நாப்பது வருஷம் ஊரையே ஏத்தி இறக்கியாச்சும்மா. ஒரு தடவையாவது நானா ஏறிப் பாக்கணும். மூட்டு தேஞ்சு போச்சு, இந்த வருஷம் விட்டா முடியாதுன்னு டாக்டர் கையை விரிச்சுட்டாரு."

அதிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் பத்து மணிக்கு அவருடைய அழைப்பு வந்துவிடும்.

வெயில் படாத சரிவில் பனி இறுகிக் கிடக்கும், அது போகும்வரை கால் வைக்கக்கூடாது என்றாள். கரைகிற பனி அத்தனையும் ஓடைக்குத்தான் வரும், அது வடியட்டும் என்றாள். வடிந்த பிறகு மழை பிடிப்பதற்குள் ஐந்தாறு வாரம் கிடைக்கும். விடியும்போதே கிளம்பிவிட வேண்டும். உச்சி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் பன்னிரண்டு மணிக்குத் திரும்பிவிட வேண்டும். மதியத்துக்கு மேல் முகட்டில் இடி விழும்.

"இருங்க, எழுதிக்கறேன்" என்பார். பேனா உரசுவது கேட்கும்.

வேறு எதுவும் கேட்டதில்லை. டிவி சத்தம் இல்லை, பாத்திரம் உருளும் சத்தம் இல்லை, இன்னொருவர் குரல் இல்லை. அவருக்கும் இந்தப் பக்கத்திலிருந்து அப்படித்தான் கேட்டிருக்கும்.

ஓடை வடிந்த அன்று, வடிந்துவிட்டது என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். ஏறி இறங்கிவிட்டால் இந்த மனிதர் அப்புறம் எதற்குக் கூப்பிடப் போகிறார் என்று தோன்றியது. "இன்னும் வடியல சார்" என்று வந்துவிட்டது.

அதன் பிறகு ஒவ்வொரு முறையும் அது சுலபமாகிக்கொண்டே போனது. ராத்திரிகள்தான் கஷ்டமாக இருந்தன. ஒரு மனிதரின் கடைசி வருடத்தில் இரண்டு வாரத்தைத் தின்றுவிட்டாள். வெள்ளிக்கிழமை உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தாள்.

மறுநாள் புதன்கிழமை. மாதக் கடைசி என்பதால், பாதை தொடங்கும் இடத்தில் இரும்புப் பெட்டிக்குள் இருக்கும் பதிவேட்டை எடுத்து வரப் போனாள். ஏறுகிறவர்கள் தாங்களே எழுதிவைத்துவிட்டுப் போகிற நோட்டு. அந்த மாதம் முழுவதற்கும் பக்கம் பாதிகூட நிரம்பவில்லை.

கடைசி வரியில் நிமிர்ந்த, நிதானமான கையெழுத்து.

தொழில்: லிஃப்ட் மெக்கானிக், ஓய்வு. உடன் வருபவர்: இல்லை. ஏறிய நேரம் ஐந்து நாற்பது. இறங்கிய நேரம் நான்கு பத்து.

குறிப்பு என்ற இடத்தில் எழுதியிருந்தார்: "ஓடையைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் வந்தேன். கணுக்கால்கூட நனையவில்லை. உச்சிக்குப் போய்விட்டேன். நிலையத்தில் சொன்னபடி பன்னிரண்டு மணிக்கு இறங்கத் தொடங்கினேன்."

தேதியைப் பார்த்தாள். பத்து நாளைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. அவளுக்கு விடுமுறை நாள்.

அங்கேயே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்குப் பிறகு மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார். மூன்று முறையும் ஓடையில் தண்ணீர் எவ்வளவு என்று கேட்டிருக்கிறார். மூன்று முறையும் முழங்கால் அளவு என்று சொல்லியிருக்கிறாள். கடந்துபோய் வந்த மனிதர், "சரிம்மா, பொறுத்துக்கறேன்" என்றிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கே தொலைபேசி பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். என்ன சொல்வது என்று இரண்டு நாளாக மனதுக்குள் எழுதி எழுதி அழித்திருந்தாள். கூப்பிடாமலே விட்டுவிட்டால் நல்லது என்றும் இருந்தது, கூப்பிடாமல் போய்விடுவாரோ என்றும் இருந்தது.

சரியாகப் பத்து மணிக்கு மணி அடித்தது.

"சார், ஓடையில தண்ணி..." என்று தொடங்கினாள். குரல் உடைந்துவிட்டது.

அந்தப் பக்கம் பேனா மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"வடிஞ்சிருக்காதும்மா, எனக்குத் தெரியும்" என்றார் அவர் மெதுவாக. "மேகம் வேற கட்டுது. இந்த வருஷம் அவ்வளவுதான், விடுங்க. அடுத்த வருஷம் பனி எப்ப கரைய ஆரம்பிக்கும், சொல்லுங்க. நான் எழுதிக்கறேன்."

அதை இப்போதே யாராலும் சொல்ல முடியாது.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சொல்ல ஆரம்பித்தாள்.