தனியே நிற்காத ரதி

மரப்பொம்மை நிற்க மறுக்கிறது. டிலுசா அதை அலுமாரியின் மேல், கணவன் கொலின்சின் படத்துக்கருகே எப்படித் திருப்பி வைத்தாலும் முகங்குப்புற விழுகிறது. அலுமாரி மட்டமாகத்தான் இருக்கிறது, பொம்மையிலும் உடைவில்லை. தகரக் கூரையின் ஆணித்துளையால் இறங்கும் வெயில் அதன் முதுகில் பொட்டளவு மினுங்குகிறது. "அது தனிய நிக்காது, தங்கச்சி," என்கிறான் கதிரையில் இருக்கும் அன்ரன். கொலின்சோடு களவாகக் கடல்வழியே வெளிநாடு போகப் புறப்பட்டு, கவிழ்ந்த படகிலிருந்து தப்பி வந்தவன். பொம்மையைக் கொண்டுவந்தவனும் அவன்தான். "பாலித் தீவில படகுக்குக் காத்திருக்கேக்க கொலின்ஸ் சோடியா வாங்கினவன். சைவக்காரரின்ர மன்மதனும் ரதியும்தானாம். சிவன் அவனை எரிக்க, இவளும் நெருப்புக்குள்ள பாய்ஞ்சிட்டாளாம். அந்தச் சாம்பல்தான் எல்லாப் புருசன் பெண்சாதிக்குள்ளயும் கிடக்காம். ஒண்டில ஒண்டு சாயத்தான் பாதத்தைச் சரிச்சுச் செதுக்கிறாங்கள். 'டிலுசா மாதிரி, நான் பக்கத்தில இல்லாட்டிக் கோவிச்சு விழுவாள்' எண்டு பகிடி விட்டவன்." "மற்றது எங்க, அண்ணை?" "இதை என்னட்டத் தந்திட்டு, அதைத் தன்ர பொக்கற்றுக்குள்ள வைச்சிருந்தவன்." வெளியே காயும் வலை வேலியில் உரசுகிறது. டிலுசா பொம்மையின் பாதத்தைத் தடவுகிறாள். விரற்பக்கம் ஒரு நெல்லளவு குறைந்திருக்கிறது. படத்துக்கு முன்னால் கொளுத்தச் சொல்லி மாமி தந்த மெழுகுதிரி கிடக்கிறது. கொளுத்தினால் அவன் செத்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அவள் இதுவரை அதைத் தொடவில்லை. இப்போது தீக்குச்சியை உரசுகிறாள். அன்ரன் தலையைக் குனிந்துகொள்கிறான். பொம்மையின் கால்விரல்களின் கீழ் மெழுகைச் சொட்டவிட்டு, அது இறுகும்வரை பிடித்திருந்து கையை எடுக்கிறாள். பொம்மை தனியே நிற்கிறது.